மேட்டில் நின்று கிளம்பிய வண்டி

ஆண்டவன் துணை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, சின்னவன் மூவரும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று தினமும் கைகூப்பும்போது முதலில் உங்களுக்காகவே கேட்கிறேன், பிறகுதான் எங்களுக்கு. இங்கே நாங்களும் மூவர், மூவரும் சுகம். போன கடிதத்தில் நானும் மாமாவும் சுகம், அப்பாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீ என்ன பாடு படுவாய் என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. இந்தத் தடவை மனசாரச் சொல்கிறேன், அப்பா சுகம். அவர் கால் சுகம். புது வேன் பட்டறை வாசலில் நிற்கிறது, அதை மேட்டில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவரேதான். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், மாமா நடுவில் புகுந்து கதையையே தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான், ஆகையால் உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கு ஆறும்.

நீ கேட்டதெல்லாம் துண்டு துண்டாக இருக்கும், முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பெரிய லாண்ட்ரியிலிருந்து பழுது பார்ப்பதற்காக மூன்று வாஷிங் மெஷின்களை ஏற்றிக்கொண்டு அப்பாவும் மாமாவும் வந்துகொண்டிருந்தார்கள், நல்ல மழை. நம் தெரு மேடு எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே தபால் பெட்டியிலிருந்து நம் பட்டறை வாசல் வரைக்கும் கல் பாவிய ஏற்றம், நடுவில் தையல்காரர் கடை முன்னால் அந்த வளைவு. வளைவில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு குறுக்கே வர, அப்பா நிறுத்தி வழி விட்டிருக்கிறார். அவள் கடந்து போய்ச் சுவரோரமாகக் கீழே இறங்க ஆரம்பித்ததும் இவர் வண்டியைக் கிளப்பினார். மேலே ஏற வேண்டிய வண்டி பின்னால் வழுக்கிக்கொண்டு போய்த் தையல்காரர் கடைப் படியில் இடித்து நின்றது. பின்கதவு நசுங்கியது, படியில் ஒரு கல் பெயர்ந்தது, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் அந்தப் படியைத் தாண்டி நாலு எட்டுத்தான் வைத்திருந்தாள். அப்பா அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அதுதான் அவரை உட்கார வைத்தது.

கதவை நிமிர்த்திக் கொடுத்த மெக்கானிக் சும்மா போகாமல், "வயசாகுது இல்லண்ணே, கிளட்ச்ல கால் நிக்காது, இனிமே பாத்து ஓட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது ஒரு வார்த்தை, அது இவர் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. இடது முழங்காலில் ஏற்கனவே ஒரு வலி உண்டல்லவா. அதன் பிறகு அவர் சாவியைத் தொடவில்லை. மாமா ஓட்டினான், அவன் ஓட்டுவது உனக்குத் தெரியும், கியர் மாற்றும்போது வண்டி இருமும். மேட்டில் ஏற அவனுக்கும் பயம், ஆகவே தபால் பெட்டி பக்கத்திலேயே வேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மெஷினையும் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு பேரும் மேலே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாடிக்கைக்காரர்களிடம் அப்பா, "வேலையைக் குறைச்சுக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். நீயும் அந்த வாரம் போன் பண்ணி, "போதும்மா, பட்டறையை மூடிட்டு இங்க வந்துடுங்க, அப்பாவை ஸ்டியரிங் பக்கமே விடாதே" என்றாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் தினமும் பார்ப்பதெல்லாம் விழுந்தவர்களையும் அடிபட்டவர்களையும்தானே.

ஆனால் நான் பார்த்தது ஒன்று உண்டு, அதை உன்னிடம் சொல்லவில்லை. சாப்பிட உட்காரும்போது மேசைக்கு அடியில் அவருடைய இடது கால் சும்மா இருக்காது. மேசையின் குறுக்குச் சட்டத்தை மெதுவாக அழுத்துவார், மெதுவாக விடுவார், மறுபடி அழுத்துவார். மேலே முகம் ஒன்றும் தெரியாத மாதிரி சூப் குடித்துக்கொண்டிருக்கும், கீழே கால் கிளட்ச் பழகிக்கொண்டிருக்கும். ஒருநாள் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நிமிர்ந்து ஒன்றும் கேட்காமல் ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மெஷின் எங்கே கெட்டது என்று காதாலேயே கண்டுபிடித்த மனுஷன், தன் காலை மட்டும் யாரிடமும் காட்டாமல் தானே சோதித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். கால் கெட்டிருந்தால் கெட்டது என்று தெரியட்டும், இல்லையென்றால் இல்லை என்று தெரியட்டும், இப்படி நடுவில் வைத்து அவரை வாட்டாதே ஆண்டவனே என்று.

பழைய வேன் துருப்பிடித்துப் போய் எப்படியும் மாற்ற வேண்டிய நிலைதான், நிமிர்த்தியும் சரியாக மூடாத பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டினார்கள். மாமாவை முன்னிட்டாவது ஒன்று வாங்கியாக வேண்டும். நீதான் சொன்னாய், "எந்த வேன், எந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் சக்தி போகுதுன்னு தெரிஞ்சுக்காம கையெழுத்துப் போடாதே, நாலு சக்கரமும் இழுக்கிறதா, கிளட்ச் இல்லாததா பாரு" என்று. பட்டறைக் கணக்கு எழுதுகிற கைக்கு இதுவும் ஒரு கணக்குத்தானே என்று மூன்று ஷோரூம்களிலிருந்து விளம்பரப் புத்தகங்களை வாங்கி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு மண்ணும் புரியவில்லை. எல்லாப் புத்தகத்திலும் ஒரு வேன் மலை உச்சியில் நிற்கிறது, பக்கத்தில் ஒருவன் தூரத்தைப் பார்க்கிறான், அவன் வண்டியில் ஒரு வாஷிங் மெஷினாவது இருக்கிறதா என்றால் இல்லை. படங்களை விட்டுவிட்டு அளவுகளைப் படித்தேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழி தெரிந்தது.

உனக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள். ஒரே பேரில் ஒரு வேன் இருந்தாலும் அதில் குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று உண்டு, கூரையும் தாழ்ந்தது உயர்ந்தது என்று இரண்டு உண்டு. நீளமானது நிறைய ஏற்றும் என்று மாமா துள்ளினான், ஆனால் பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியும் அதில் நீளம், நம் வளைவில் திரும்பும்போது தையல்காரரின் மிச்சப் படியையும் கேட்கும். உயர்ந்த கூரை வேண்டாம், மெஷின் என் இடுப்பு உயரம்தான், பட்டறை வாசல் உத்தரத்தைத் தையல் டேப்பால் அளந்தேன், உயர்ந்த கூரை நுழையவே நுழையாது. பிறகு சக்கரம். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் இன்ஜினும் வேலையும் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடும், அடியில் ஒன்றும் ஓடாததால் தரை தாழ்வாக இருக்கும், பாரம் ஏற்றுவது சுலபம். பின் சக்கரம் தள்ளுகிற வண்டியில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் அடியில் ஒரு தண்டு சுழன்றுகொண்டு போகும், அதற்கு இடம் விடத் தரை ஒரு சாண் உயர்ந்திருக்கும், ஆனால் பாரத்தோடு மேடு ஏறுவதில் கெட்டி. நாலு சக்கரமும் வேலை செய்கிற வண்டி எங்கேயும் ஏறும், ஆனால் அதற்கும் தரை உயரம், டீசலும் கூடக் குடிக்கும், பழுதென்றால் செலவும் கூடும். ஊரெல்லாம் சமதரையில் ஓடிவிட்டு ஒரு மேட்டுக்காக வருஷம் முழுக்க நாலு சக்கரத்துக்கும் தீனி போட வேண்டுமா என்பது என் யோசனை. மாமா, "அக்கா, நீ பேசாம வேன் விக்கப் போயிடு" என்றான். "நீ பேசாம ஒரு இருமல் இல்லாம கியர் போடு" என்றேன்.

மூன்றாவது ஷோரூமில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். வாங்க வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டிக் காட்டுவது அவள் வேலை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும், நடந்தால் அவளுக்கு முன்னால் சாவி வரும், மாமா உடனே சாவிக்காரி என்று பேர் வைத்துவிட்டான். நம் பழைய வேன் எந்த வகை என்று கேட்டாள், முன் சக்கரம் இழுக்கிறதுதான் என்றேன். மேட்டில் வழுக்கியதை நான் சொல்ல ஆரம்பித்ததும் அப்பா வெளியே போய் டயர்களைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். அவள் என் பேச்சை நிறுத்தி, "பாரத்தை எந்தப் பக்கம் வைப்பீங்க" என்று மாமாவைக் கேட்டாள். இவன் பெருமையாக, "கதவுகிட்டதான், இறக்கச் சுலபம் பாருங்க" என்றான். "அப்போ முன்பக்கம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால என்ன இருக்கும்" என்றாள். மாமா ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். அவள் மறுபடி கேட்டாள். "சோபா" என்றான். "சோபாவா?" "சின்னது. மத்தியானம் வண்டி நிக்கிறப்போ கொஞ்சம் கண் அசருவேன், முதுகுக்கு டாக்டர் சொல்லியிருக்காரு." எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை, அந்த இடத்தில் கேட்டால் நன்றாக இருக்காது.

அவள் சிரிக்கவில்லை, ஒரு காகிதத்தை எடுத்து வேன் படம் போட்டாள். மூன்று மெஷினையும் பின் சக்கரத்துக்கும் பின்னால் வைத்தால், அதுவும் மேட்டில், வண்டியின் மூக்கு லேசாகிவிடும், இழுக்க வேண்டிய முன் சக்கரத்துக்கு ஈரக் கல்லில் பிடி இருக்காது என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது கடைக்குப் போய்விட்டு உருளைக்கிழங்குப் பையை உன் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டுவேன், மாட்டிய மாத்திரத்தில் முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கும், நீ கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு சிரிப்பாய், நான் பையைக் கழற்றி உன் காலடியில் வைப்பேன். அதேதான். பிறகு அவள் கேட்டதுதான் முக்கியம். "வழுக்கினப்போ இன்ஜின் அணைஞ்சுதா, கத்திச்சா?" மாமா சட்டென்று, "கத்திச்சு, நாய் ஊளையிடற மாதிரி, ரப்பர் கருகற வாசனை வேற" என்றான். "கிளட்ச்ல கால் நழுவியிருந்தா வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைஞ்சிருக்கும். கத்திச்சுன்னா சக்கரம் சுத்தியிருக்கு, கல்லைத்தான் பிடிக்கலை. கால்மேல தப்பில்லைம்மா" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் உடனே எழுந்தேன்.

வெளியே போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "விக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றார். "எனக்கு ஆறுதல் சொல்றதுக்குன்னு ஒருத்தியை நீ புடிச்சிருக்கே" என்று வேறு சொன்னார். வார்த்தையால் அவரை மாற்ற முடியாது என்று தெரிந்தது, கெட்ட மெஷினைப் பற்றியும் வாடிக்கைக்காரர் சொல்வதை அவர் நம்பியதில்லை, ஓடவிட்டுக் கேட்டால்தான் நம்புவார். உள்ளே திரும்பிப் போய்ச் சாவிக்காரியிடம், அதே வகை வேனில், எங்கள் மெஷின்களை ஏற்றி, எங்கள் மேட்டில், மழை பெய்த பிறகு ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவளுக்கு மேலே இருக்கிற டை கட்டிய மேலாளர் கேட்டுவிட்டு, "புது வண்டியில வாஷிங் மெஷினா, கீறல் விழுந்தா யாரு பொறுப்பு" என்றார். வீட்டிலிருக்கிற பழைய போர்வையெல்லாம் விரிக்கிறேன், மெஷினுக்கும் சட்டை போட்டு அனுப்புகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்றார், இந்த அம்மாள் போகமாட்டாள் என்று நினைத்திருப்பார். அதற்கப்புறம் மழை வர வேண்டுமே. துணி காய வேண்டும், மழை வேண்டாம் என்றே கேட்டுப் பழகியவள் நான், அந்த வாரம் முழுக்க மழை வேண்டும் என்று கேட்டேன். ஆண்டவனுக்கே குழப்பமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை நான் வெளியில் மெத்தையைப் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் கொட்டித் தீர்த்தது. மெத்தை போனால் போகட்டும் என்று உடனே சாவிக்காரிக்குப் போன் போட்டேன்.

முதலில் மூன்று மெஷினையும் கதவோரமாக வைத்துக் கட்டினார்கள், மாமாவின் சோபாவைக்கூட முன்னால் ஏற்றச் சொன்னேன், எல்லாம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று. பின்னால் யாரும் வராதபடி மாமா கீழே தபால் பெட்டி அருகே கையை விரித்துக்கொண்டு நின்றான், வண்டி பின்னால் வந்தாலும் நிற்கும்படி சக்கரத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டைகளையும் வைத்தார்கள். அப்பாவும் நானும் சுவரோரம். தையல்காரர் வாசலில் போட்டிருந்த தன் நாற்காலியை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இந்தத் தடவை படிக்கு முன்பணம் குடுத்துடுங்க" என்றார். ஓட்டியது சாவிக்காரிதான். வளைவுக்குக் கீழேயே நிறுத்திக் கிளப்பினாள். வண்டி ஒரு அங்குலம்கூட ஏறவில்லை, முன் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது, தண்ணீர் தெறித்தது, இன்ஜின் ஊளையிட்டது, மெல்லப் பின்னால் நழுவிக் கட்டையில் தட்டி நின்றது. நான் வண்டியைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், மெஷினைக் கேட்கிற மாதிரி. "இதே சத்தம்தான்" என்றார். பிறகு என்னிடம் இல்லை, தனக்குத்தானே, "சின்னப் பொண்ணு கால், அதுக்கும் இதே சத்தம்தான்" என்றார்.

அப்புறம் சோபாவை இறக்கித் தெருவில் போட்டுவிட்டு மூன்று மெஷின்களையும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புத் தடுப்பை ஒட்டி நகர்த்திக் கட்டினார்கள். அதே வண்டி, அதே பெண், அதே ஈரம். நிறுத்திக் கிளப்பினாள், ஒரு முனகல்கூட இல்லாமல் வளைவைத் தாண்டிப் பட்டறை வரைக்கும் போய் நின்றது. பாரத்தை முன்னால் நகர்த்தியதற்கு இவ்வளவா என்று எனக்கே வியப்பு. அவள் வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்து, "சீட்டை உங்க உயரத்துக்குப் பின்னால தள்ளிக்குங்க சார், எனக்குக் கால் குட்டை" என்றாள். ஓட்டிப் பாருங்க என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா குனிந்து முன் டயரைப் பார்த்தார். மாமா கீழேயிருந்து, "அத்தான், கை வலிக்குது, சீக்கிரம் ஏறுங்க இல்லேன்னா நான் ஏறிடுவேன்" என்று கத்தினான். அந்தப் பயத்திலாவது ஏறினாரோ என்னவோ, ஏறி உட்கார்ந்தார்.

அவர் வளைவுக்குக் கீழே நிறுத்தவில்லை. நேராக வளைவுக்கே போய், தையல்காரர் கடைக்கு எதிரே, அன்றைக்கு நின்ற அதே கல்லில் நிறுத்தினார். யாரும் குறுக்கே வரவில்லை, ஆனாலும் யாரோ கடந்து போகிற அளவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லத் தெரிந்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை, அவர் கால், அவர் கால் என்பதுதான் வந்தது. பிறகு கிளப்பினார். மாமா ஓட்டினால் வண்டி இருமும் என்றேனே, இவர் கையில் அது பெருமூச்சுக்கூட விடவில்லை, ஒரு முழம்கூடப் பின்னால் வராமல் ஏறிப் போயிற்று. நான் மேலே நடந்து போவதற்குள் அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து கட்டுகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததா என்று கேட்காதே, மழைத் தூறலில் எனக்குத் தெரியவில்லை. "மூணாவது மெஷின் கயிறு தளர்ந்திருக்கு, யார் கட்டினது" என்றார். மாமா மூச்சு வாங்க மேலே வந்து, "அப்போ இவ்வளவு நாளும் என் சோபாதான் குத்தவாளியா" என்றான். "மச்சான், நீ தூங்கினதுக்கு நான்தானே முழிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் அப்பா. எத்தனை நாளைக்கப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு கிண்டல்.

நீ சொன்ன நாலு சக்கர வண்டியை வாங்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தரை உயரம் என்றால் ஒவ்வொரு மெஷினையும் ஒரு சாண் கூடுதலாகத் தூக்க வேண்டும், தினமும் தூக்குகிறவர்கள் இவர்கள் இரண்டு பேரும். முன் சக்கரம் இழுக்கிறது, நடுத்தர நீளம், தாழ்ந்த கூரை, தாழ்ந்த தரை, இதுதான் நம் வேலைக்குச் சரி. பாரம் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்த பிறகு மேடு ஒரு பொருட்டில்லை. மழை கொட்டும்போது மட்டும் அவசரப்படாமல் கீழே காத்திருந்து ஏறுவது என்றும் பேசி வைத்திருக்கிறோம். வேன் வந்த அன்றே வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயின்டை எடுத்து உள்தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன், கனமான எதுவும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது, மாமா உட்பட. சோபா இப்போது பட்டறை மூலையில் இருக்கிறது, அது ஆடாமல் இருந்தால் அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம். கிளட்ச் விஷயம்தான் பாக்கி. காகிதத்தில் நான் கிளட்ச் இல்லாதது என்றுதான் எழுதி வைத்திருந்தேன், உன் சொல்லும் அதுதான். மேலாளர் எதுவாக இருக்கட்டும் என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா, "கிளட்ச் இருக்கிறதே குடுங்க" என்றார். மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியைக் கொஞ்ச நேரம் தானே பிடித்து நிறுத்துகிற வசதி ஒன்று இருக்கிறது என்றதற்கு மட்டும், "இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் பொழுது போக ஒரு வேலை வேணுமே" என்றார். அவர் சரி என்றதே பெரிது, நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

முழங்கால் வலி போய்விடவில்லை மகளே, அது அப்படியேதான் இருக்கிறது, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார். நிஜமாகவே ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டிய நாள் ஒன்று வரும், அன்றைக்கு அவரே சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார், அந்த மனுஷனை எனக்குத் தெரியும். ஆனால் செய்யாத தப்புக்காக இறங்க வேண்டியதில்லை பார், அதுதான் எனக்கு நிம்மதி. பட்டறையை மூடுவதைப் பற்றி இனிப் பேச்சில்லை, பெரிய லாண்ட்ரிக்குப் போன் போட்டு வேலை அனுப்பச் சொல்லிவிட்டார். உன்னிடம் வந்து கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், சின்னவனுக்கு முன்பல் முளைப்பதற்குள் வந்து அந்தப் பொக்கைச் சிரிப்பைப் பார்க்க வேண்டும், ஆனால் வேலையில்லாமல் வந்தவர்களாக இல்லாமல் லீவு போட்டுவிட்டு வந்தவர்களாக வருவோம். அவனுக்குப் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை நீளமாகிவிட்டது, பிரித்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன், வளருகிற பிள்ளைதானே என்று மாமா சொல்கிறான், ஒரு கை மட்டுமா வளரும். மாப்பிள்ளையின் இருமலுக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல், ஜன்னலோரம் படுக்க வேண்டாம். நீ நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறாய், வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் காலை நீட்டி உட்கார், பாத்திரம் ஓடிப் போகாது. சின்னவனின் தள்ளுவண்டி கைப்பிடியில் பையை மாட்டாதே, மாட்டுவாய், எனக்குத் தெரியும், அடியில் வை.

முந்தாநாள் சாப்பிடும்போது ரொட்டி எடுக்கிற சாக்கில் வேண்டுமென்றே குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கால்மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டு, இரண்டும் சும்மா இருந்தன.

ஆண்டவன் உங்கள் மூவரையும் தன் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், போகிற வழியும் வருகிற வழியும் உங்களுக்கு நல்ல வழியாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் கால் எப்படி இருக்கு என்று கேட்காதே. வண்டி எப்படி இருக்கு என்று கேள். கேட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள், சொல்லி முடிக்க அவருக்கு நேரமாகும்.

என்றும் உங்கள் நினைவிலேயே இருக்கும்,
அம்மா